மோர் குடிச்சுட்டுப் போன முதலாளி

பஸ் முதலாளி எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் அவருக்கு மோர் குடுத்தேன். உப்புப் போட்டு, கருவேப்பிலை கிள்ளிப் போட்டு, வெங்கலச் செம்புல. அதை நெனச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது. ‘அவரு’ன்னு மரியாதை வேற இன்னும் வாயில ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. இத்தனை வருசம் ஆகியும் அந்தச் சனியன் போக மாட்டேங்குது.

உள்ள கயித்துக் கட்டில்ல எங்க வீட்டுக்காரர் படுத்திருந்தாக. வலது காலு முழங்காலுக்குக் கீழ இல்ல. டவுன் ஆசுபத்திரியில எடுத்து, ஒரு மாசம் வச்சிருந்து வீட்டுக்கு அனுப்பி அஞ்சாறு நாள்தான் ஆச்சு. அந்தக் காலு மேல ஏறுனது இந்த முதலாளியோட பஸ்ஸு. அவரு ரெண்டு சீப்பு வாழைப்பழமும் ஒரு பிஸ்கட்டு டப்பாவும் வாங்கிக்கிட்டு, கூட ஒரு பெரிய மனுசரையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தாரு. அந்தப் பெரிய மனுசர் பொன்னமராவதிப் பக்கம் ஒரு கோயிலுக்குத் தர்மகர்த்தா. நெத்தி நெறைய விபூதி. வந்ததுல இருந்து வாயே தொறக்கல, உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு.

"எப்படிம்மா இருக்காரு?"ன்னு முதலாளி கேட்டாரு.

நான் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டுச் சொன்னேன். "இருக்காகங்க. ஒங்களை என்னங்க சொல்றது? ஒங்க மேல என்ன தப்பு? எங்க நேரம்."

"நேரந்தாம்மா"ன்னு அவரு தலையை ஆட்டுனாரு. அப்புறம் தர்மகர்த்தா பக்கம் திரும்பி, "நேரம்னுதான் சொல்றாக"ன்னு இன்னொரு தடவை சொன்னாரு. காது கேக்காதவுகளுக்குச் சொல்ற மாதிரி இருந்துச்சு. நான் அதைக் கவனிச்சேன், ஆனா அதுல என்ன இருக்குன்னு எனக்குப் புரியல. மோரைக் குடிச்சாக, செம்பைக் கவுத்து வச்சாக, போயிட்டாக.

செர்மன்காரன் சண்டைக்காலம் அது. பெட்ரோல் கெடைக்காம பஸ்ஸெல்லாம் கரியில ஓடிக்கிட்டு இருந்துச்சு. வண்டிக்குப் பின்னால ஆள் ஒசரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு. அதுல அடுப்புக்கரியைக் கொட்டிப் பத்த வச்சு, கைப்பிடியைச் சுத்தி ஊதி, அந்தப் புகையிலதான் இஞ்சின் ஓடும். சமதரையில ஓடும், மேடு வந்தா மூச்சு வாங்கும். கீரனூர் தாண்டி புதுக்கோட்டை போற வழியில ஒரு மேடு, அங்க பாதி நாளு நின்னுரும். நின்னா ஆம்பளைங்க எறங்கித் தள்ளணும். தள்ளுங்கன்னு யாரும் சொல்ல மாட்டாக. வண்டி ரெண்டு தடவை இருமுனாப் போதும், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எல்லாரும் எறங்கிருவாக. எறங்காம உக்காந்திருக்கிற ஆம்பளைய மத்தவுக ஒரு தினுசாப் பாப்பாக.

எங்க வீட்டுக்காரர் கெணறு வெட்டுற ஆளு. தெம்பான ஒடம்பு. மொதல்ல எறங்குறது அவுகதான். அன்னிக்கும் அப்படித்தான். நடுவுல அடுப்பு கொதிக்கும், அங்க நிக்க முடியாது. அதனால சக்கரத்துப் பக்கம் மூலையில தோளக் குடுத்திருக்காக. கொஞ்ச தூரம் ஏறுன வண்டி திடீர்னு பின்னால உருண்டுருச்சு. பிரேக்கு புடிக்கல. வண்டி ஏற ஏற, கண்டக்டர் பின் சக்கரத்துக்கு அடியில ஒரு முட்டுக்கட்டையைப் போட்டுக்கிட்டே வரணும், அதுதான் மொறை. அன்னிக்கு அந்தக் கட்டை இல்ல. ஒரு கல்லைத் தூக்கி வச்சிருக்கான், அது வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு. மத்தவுக செதறி ஓடிட்டாக. இவுக தடுமாறி விழுந்துட்டாக.

ஊர் ஊராப் போயி அடுத்தவுகளுக்கு அத்தனை கெணறு வெட்டுன மனுசனுக்குச் சொந்தக் காட்டுல கெணறு இல்ல. கூலி இல்லாத நாள்ல அவுக கீழ வெட்ட, நான் மேல மண்ணைச் சொமக்க, மூணு ஆள் ஆழம் போயிருந்தோம். பாறை குறுக்க வந்துருச்சு. "இந்தப் பாறையை ஒடச்சுட்டா தண்ணிதான் புள்ள"ன்னு கண்ணு மின்னச் சொல்லுவாக. காலு போன பெறகு அந்த அரைக் கெணறு வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சு. வெளியாளை எறக்கி வெட்ட எங்களுக்கு வக்கில்ல. அது முடிஞ்சா கஞ்சி, முடியாட்டி காட்டை வித்துட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு வேண்டியது அந்தக் கெணறு ஒண்ணுதான், வேற எதுவும் இல்ல.

அதனாலதான் டவுன்ல இருந்த ஒரு வக்கீல் வீட்டுக்குப் போயி நின்னேன். அவரு வீட்டுக் கெணத்தைத் தூரெடுத்தது எங்க வீட்டுக்காரர். அந்தப் பழக்கம் ஒண்ணுதான். வேற வக்கீலை எனக்குத் தெரியாது.

"போலீசுல டிரைவருக்கு அபராதம் போட்டுட்டாகளேங்க, இன்னும் என்னங்க இருக்கு?"ன்னு கேட்டேன்.

"அது சர்க்காருக்கும் அவனுக்கும் உள்ள பேச்சும்மா. அபராதம் கஜானாவுக்குப் போச்சு. ஒன் புருசனுக்குக் காலு முளைச்சுச்சா? இது வேற. இது நஷ்டஈட்டு வழக்கு. முதலாளி மேலேயே போடணும்."

"ஓட்டுனது டிரைவருங்களே?"

"டிரைவர் யாரு ஆளு? முதலாளியோட ஆளு. வேலையில இருக்கும்போது அவன் பண்ணுன தப்புக்கு முதலாளிதான் பதில் சொல்லணும்."

எனக்கு அது ஏறல. "விதி மேல எப்படிங்க வழக்குப் போடுறது?"ன்னேன்.

மனுசனுக்கு மூக்கு மேல கோவம் வந்துருச்சு. "விதியைக் கோயில்ல போயிக் கேளு. கோர்ட்டு அதைக் கேக்காது. யாரு ஜாக்கிரதையா இருந்திருக்கணும், அவன் இருந்தானா, இல்லாததுனாலதான் இந்தக் காலு போச்சா. இதை மட்டுந்தான் கேக்கும். கட்டை போட வேண்டியவன் யாரு? அவன் போட்டானா? இதுல விதி எங்கம்மா வந்துச்சு?"

அதுவரைக்கும் எங்ககிட்ட யாருமே அப்படிக் கேக்கல. சொந்தக்காரங்க வந்தாக, அழுதாக, தலையெழுத்துன்னாக, சோறு தின்னுட்டுப் போனாக. கட்டை எங்கேன்னு ஒருத்தராவது கேட்டாகளா? எனக்கு அந்த எடத்துலயே ஒடம்பெல்லாம் எரிய ஆரம்பிச்சுருச்சு.

ஜெயிச்சா பாதி ஒங்களுக்குங்கன்னு நான் சொன்னதுக்கு, "பங்கு பேச இது என்ன வாரச் சாகுபடியா? வக்கீல் அப்படியெல்லாம் வாங்கக் கூடாது"ன்னு அதுக்கும் ஒரு ஏச்சு. அப்புறம் பேனாவை எடுத்து வச்சுக்கிட்டுக் கேட்டாரு. முதலாளி வந்தாரா? வந்தாருங்க. கைநாட்டு ஏதும் வாங்குனாரா? இல்லீங்க. ரூவா குடுத்தாரா? பழமும் பிஸ்கட்டும்தாங்க.

"நீ என்ன பேசுனே?"

"ஒண்ணும் பேசலீங்க. மோர் குடுத்தேன்."

நான் பொய் சொல்லல. என் ஆத்தா மேல ஆணை. எனக்கு அது பேச்சாவே தோணல. வீட்டுக்கு வந்தவுகளுக்குத் தண்ணி குடுக்கிறோம், வாங்கன்னு சொல்றோம், போறப்ப போயிட்டு வாங்கன்னு சொல்றோம். அந்த மாதிரிச் சொன்னதுதானே அது? அதைப் போயி யாராவது பேச்சுன்னு சொல்லுவாகளா?

அப்புறம் சாட்சிக்கு ஆள் தேடச் சொன்னாரு. அந்தப் பஸ்ஸுல தெனமும் போறவுகளைப் புடிச்சுக் கேளுன்னாரு. கீரனூர் பஸ் நிக்கிற எடத்துல பத்து நாளு காலங்காத்தால போயி நின்னேன். தள்ளுனவுக அத்தனை பேரையும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. "ஆமா தாயி, பாவம், நல்ல மனுசன்"ம்பாக. கோர்ட்டுல வந்து சொல்லுங்கன்னா, "நமக்கு எதுக்குத்தா வம்பு, நாளைக்கும் இதே பஸ்ஸுலதான் போகணும்"னு அங்கிட்டுத் திரும்பிக்குவாக. அவுகளோட ஒண்ணா நின்னு தோளக் குடுத்தவுக எங்க வீட்டுக்காரர். கூப்புடாமலே வண்டி தள்ள எறங்குன ஆம்பளைங்க பத்துப் பதினஞ்சு பேரு. கூப்புட்டும் சாட்சி சொல்ல ஒருத்தன் எறங்கல. தூ!

கடைசியில வந்தது ஒரு தயிர்க்காரி. தெனம் பானையோட டவுனுக்குப் போறவ. "கட்டைய அந்தப் பாழாப்போறவன் அடுப்புல போட்டான்டி"ன்னா. அன்னிக்குக் கரி கொறைஞ்சுபோச்சாம். கையில கெடச்ச சுள்ளி, தேங்கா மட்டையெல்லாம் போட்டுட்டு, கடைசியில அந்த முட்டுக்கட்டையையும் போட்டு எரிச்சிருக்கான் கண்டக்டர். "என் கண்ணால பாத்தேன். ஏன்டா அதைப் போடுறேன்னு கேட்டேன், மேடு ஏறுறதுக்குத்தான் ஆத்தா சூடு வேணும்னு சிரிச்சான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்"னா. சொன்னா. கோர்ட்டுல கூண்டுல ஏறி நின்னு அப்படியே சொன்னா.

ஆனா அதுக்கு முன்னால எங்க வீட்டுக்காரரை ஏத்துனாக. கக்கத்துல கம்பை ஊண்டிக்கிட்டு நின்னாக. கண்டக்டர்தான் தள்ளச் சொன்னான்னு சொல்லிருங்கன்னு ஊருல ஆளாளுக்குச் சொல்லிக் குடுத்திருந்தாக. நானும் சொன்னேன், மறைக்கல. எங்க வக்கீல்தான், "பொய் சொன்னே, நான் வழக்கை விட்டுட்டுப் போயிருவேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு"ன்னு கண்டிச்சிருந்தாரு.

எதிர் வக்கீல் கேட்டாரு. "ஒன்னை யாரு தள்ளச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

"அப்ப நீயாத்தான் எறங்குனே?"

"ஆமாங்க. நின்னா எறங்குவோம்லங்க."

"சீட்டுல சும்மா உக்காந்திருந்தா காலு போயிருக்குமா?"

"போயிருக்காதுங்க."

கேட்டுக்கிட்டு நின்ன எனக்குப் பல்லு நறநறன்னு வந்துச்சு. எங்க வக்கீல் எந்திரிச்சு ரெண்டே கேள்வி கேட்டாரு. டிக்கெட்டு எதுக்கு வாங்குனே? டவுனுக்குப் போகத்தாங்க. எல்லாரும் சீட்டுலேயே உக்காந்திருந்தா வண்டி டவுனுக்குப் போயிருக்குமா? "எங்கிட்டுங்க போகும், அங்கேயேதான் நின்னிருக்கும்"னாக. ஜட்ஜு எழுதிக்கிட்டாரு.

அதுக்கப்புறம்தான் தர்மகர்த்தா கூண்டுல ஏறுனாரு. அதே விபூதி. சாமி மேல சத்தியம் பண்ணிட்டு, "அந்தம்மா வாயாலேயே சொல்லுச்சு. ஒங்க மேல என்ன தப்பு, எங்க நேரம்னு சொல்லுச்சு. நான் காதால கேட்டேன்"னாரு. நான் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே சொன்னாரு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, அவரைக் கூட்டிக்கிட்டு வந்தது எதுக்குன்னு. பழம் எதுக்குன்னும் வெளங்குச்சு. என் கையால மோர் வாங்கிக் குடிச்சுட்டு, என் வாயில இருந்து வார்த்தையையும் வாங்கிக்கிட்டுப் போயிருக்கான், படுபாவி.

எங்க வக்கீல் மெல்லத் திரும்பி என்னைப் பாத்தாரு. நேரமாயிருச்சுன்னு அன்னிக்குக் கோர்ட்டைக் கலைச்சுட்டு, குறுக்கு விசாரணையை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளி வச்சாக.

வெளிய வராண்டாவுல நின்னு வக்கீல் கத்துனாரு. "ஒண்ணும் பேசலேன்னியே! தலைபாடா அடிச்சுக்கிட்டுக் கேட்டேனே! வக்கீல்கிட்ட மறைக்கிறவளுக்கு நான் எப்படிம்மா வாதாடுறது?"

நானும் விடல. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தொண்டை வந்துச்சோ. "நான் எங்கங்க மறைச்சேன்? வாசல்ல வந்து நிக்கிறவனை, என் புருசன் காலை முறிச்சவனே வாடான்னா கேப்பாக? ஒங்க வீட்டுல அப்படித்தான் கேப்பீகளா? வந்தவுக மனசு கோணக் கூடாதுன்னு சொல்றதுங்க அது! எல்லாரும் சொல்றதுதானுங்க! அந்த விபூதிக்காரன் சொல்ல மாட்டானா?"

அவரு பேனாவை எடுத்துக்கிட்டே, "அந்தாளு எந்த ஊரு?"ன்னாரு.

ஊரு, எங்க ஆத்தா வீட்டுல இருந்து ரெண்டு கல்லு தூரம். மறுநாளே கெளம்பிட்டேன். ஆத்தாகிட்ட அந்தாளு பேரைச் சொன்ன ஒடனே அவுக சிரிச்சாக. போன கோடையில நடந்ததாம். பக்கத்துக் காட்டுக்காரன் அறுப்பு முடிஞ்ச தாளுக்கு நெருப்பு வச்சது காத்துல பறந்து, தர்மகர்த்தாவோட வைக்கப்போர்ல விழுந்து, போரு எரிஞ்சு சாம்பலாயிருச்சாம். அவன் ஓடி வந்து கும்புட்டுக்கிட்டு நின்னானாம். ஊரே கூடியிருக்க இவரு, "நீ என்னப்பா செய்வே, என் நேரம்"னு சொல்லி அனுப்பிட்டாராம். எல்லாரும் என்ன பெரிய மனசுன்னாகளாம். எட்டாம் நாளு அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, எரிஞ்ச போருக்கு ஈடா வண்டி வண்டியா வைக்கல் கொண்டாந்து எறக்க வச்சாராம். "தப்பு அவன்மேலதானே, குடுக்காம என்ன செய்வான்?"னாக ஆத்தா.

நான் அன்னிக்கே திரும்பி வக்கீல் வீட்டுக்கு ஓடுனேன். கேட்டுட்டு அந்த மனுசன் எந்திரிச்சே நின்னுட்டாரு.

அடுத்த வாய்தாவுல தர்மகர்த்தாகிட்ட ரொம்பப் பணிவாத்தான் ஆரம்பிச்சாரு. "போன கோடையில ஒங்க வைக்கப்போரு எரிஞ்சுதுங்களா?"

"எரிஞ்சுச்சு."

"நெருப்பு வச்சவர் வந்து நின்னப்ப அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அந்தாளு முதலாளியைப் பாத்தாரு. முதலாளி தரையைப் பாத்தாரு. "ஞாபகம் இல்ல."

"நெத்தியில விபூதி இருக்கு, சத்தியம் பண்ணியிருக்கீங்க. கேட்டவுக ஊர் பூரா இருக்காக, கூட்டிக்கிட்டு வரட்டுங்களா?"

"என் நேரம்னு சொன்னேன்."

"சொல்லிட்டு, வைக்கல் வாங்குனீங்களா?"

"வாங்குனேன்."

"ஒங்க நேரத்துக்கு அவர் எதுக்குங்க வைக்கல் குடுக்கணும்?"

கோர்ட்டு சிரிச்சுச்சு. சேவகன் சத்தம் போட்டும் அடங்கல. நான் சிரிக்கல. அந்த விபூதிக்காரனுக்கு வைக்கல் திரும்பி வந்துச்சு. எங்களுக்கு எது திரும்பி வரும்?

தீர்ப்பு இங்கிலீசுல இருந்துச்சு. வக்கீல் எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொன்னாரு. நின்ன வண்டியைப் பிரயாணிகள் தள்ளுறது வழக்கம்னா, தள்ளுறவுகளுக்குக் கெடுதல் வராம பாக்கிறது பஸ்காரர் பொறுப்பு, கட்டை இல்லாம தள்ள விட்டது அவரோட தப்பு, வீட்டுக்கு வந்தவர்கிட்ட உபசாரத்துக்குச் சொன்ன வார்த்தை, அவர் மேல தப்பு இல்லேன்னு ஒப்புக்கிட்டதா ஆகாது. நஷ்டஈடு, கேட்டது பூராவும் இல்ல, கெணறு முடிக்கிற அளவுக்கு. முடிச்சோம். வேற ஆளுங்க உள்ள எறங்குனாக, இவுக கெணத்து மேட்டுல உக்காந்து எந்த எடத்துல அடிக்கணும்னு சொன்னாக. தண்ணி அவுக சொன்ன எடத்துலதான் வந்துச்சு.

ஆனா என் கோவம் அந்தத் தண்ணியில அணையல. தீர்ப்பு அன்னிக்கு வராண்டாவுல முதலாளி எங்க முன்னால வந்து கையெடுத்துக் கும்புட்டாரு. "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீகம்மா." பக்கத்துல எங்க வீட்டுக்காரர் வாயைத் தொறந்தாக. என்ன சொல்லப் போறாகன்னு எனக்குத் தெரியும். "ஒங்களை என்னங்க..."ன்னு அவுக ஆரம்பிச்ச ஒடனே நான் குறுக்க விழுந்தேன்.

"வச்சுக்குவோம். தப்பு ஒங்க தப்பு. செத்தாலும் வச்சுக்குவோம்"னேன்.

பெரிய மனுசன் மூஞ்சிக்கு நேரா அப்படிப் பேசுனது என் வாழ்நாள்ல அதுதான் மொதத் தடவை. அவரு வேட்டியத் தூக்கிக்கிட்டு நடந்துட்டாரு. "ஏ புள்ள, என்ன இப்படிப் பேசிப்புட்டே"ன்னு எங்க வீட்டுக்காரர் என்னை வஞ்சாக. வைங்கன்னு விட்டுட்டேன்.

ஊருக்குத் திரும்ப வேற வண்டி இல்ல. அதே முதலாளியோட கரி பஸ்ஸுலதான் ஏறுனோம். மேட்டுக்கு வந்துச்சு. ரெண்டு தடவை இருமுச்சு. நின்னுருச்சு. ஆம்பளைங்க எல்லாரும் வேட்டிய மடிச்சுக்கிட்டு எந்திரிச்சாக. சாட்சிக்கு வர மாட்டேன்னவுகளும் அதுல இருந்தாக. என் பக்கத்துல இவுகளும் கம்பை எடுத்து ஊண்டிக்கிட்டு எந்திரிக்கப் பாத்தாக. ஒத்தைக் காலோட. தள்ளுறதுக்கு.

"உக்காருங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல வண்டியே திரும்பிப் பாத்துச்சு. கையைப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். "பழக்கதோசம் புள்ள"ன்னாக, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

கண்டக்டர் பின்னால ஓடுறது சன்னல் வழியாத் தெரிஞ்சுச்சு. கையில ஒரு கட்டை. புதுக்கட்டை, வெட்டுன வாயி இன்னும் செவப்பா இருந்துச்சு. தொலைஞ்சு போகாம ஒரு கயித்துல கட்டி வேற தொங்கவிட்டிருந்தாக. சக்கரத்துக்கு அடியில வச்சான், வண்டி அசையல. வெறும் கருவேலங்கட்டை. எங்க காட்டு வேலியில அந்த மாதிரி எத்தனையோ கெடக்கும். கேட்டிருந்தா நானே ஒண்ணு வெட்டிக் குடுத்திருப்பேன்.